காப்டிக் என்ன விட்டுப்போனது?

வாசகர் கேள்வி: லத்தீன் ஐந்தாறு மொழிகளைப் பெற்றுவிட்டுப் போனது. சமஸ்கிருதம் பாதி ஆசியாவுக்குச் சொல் கொடுத்தது. எபிரேயம் மறுபடி எழுந்து நடக்கிறது. காப்டிக்கிற்கு என்ன இருக்கிறது? பிள்ளைகுட்டி இல்லை, பேச ஆள் இல்லை, சர்ச்சில் நாலு பாட்டு. இதை ஏன் பெரிய மொழிகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள்?

டிசம்பர் 3, 2023

பிள்ளை இல்லை என்பது சரி. ஆனால் காப்டிக்கைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதால்தான் அது இவ்வளவு மெலிந்து தெரிகிறது. பிரமிடு கட்டியவர்கள் பேசிய எகிப்திய மொழியின் கடைசிப் பருவம் அது. எழுத்துதான் மாறியது. கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் டெமோட்டிக் என்ற பழைய எகிப்தியக் கையெழுத்து முறையிலிருந்து ஆறேழு குறிகளைச் சேர்த்தார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டுவாக்கில் இந்த எழுத்துமுறை ஊன்றிவிட்டது. படவெழுத்தில் வெட்டிய கடைசிக் கல்வெட்டு என்று நமக்குக் கிடைத்திருப்பது ஃபிலே தீவில் உள்ளது, தேதி 394 ஆகஸ்ட் 24. அதாவது கோயிலில் படவெழுத்தும் மடத்தில் காப்டிக்கும் ஒரே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. முதல் எழுத்துச் சான்று தொடங்கி எண்ணினால் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் வருகிறது. இவ்வளவு நீண்ட எழுத்து வரலாறு வேறு எந்த மொழிக்கு இருக்கிறது என்று யோசித்துவிட்டு அப்புறம் வரிசையைப் பற்றிப் பேசலாம்.

டிசம்பர் 3, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. படவெழுத்தில் உயிரெழுத்து எழுதமாட்டார்கள், மெய் மட்டும்தான். நாம் வாசிக்கும் ‘நெஃபெர்’, ‘ஆங்க்’ எல்லாம் அறிஞர்கள் வசதிக்காக நடுவில் ‘எ’யும் ‘அ’வும் செருகிச் சொல்வது. ஒரு பார்வோன் எழுந்து வந்தால் அவருக்குத் தன் பெயரே புரியாது. உயிரொலிகளுக்குக் காப்டிக்தான் பெரிய சாட்சி. உயிர் என்பதைக் குறிக்கும் அந்த ‘ஆங்க்’, காப்டிக்கில் ஏறக்குறைய ‘ஓன்ஹ்’. துட்டன்காமுனின் பெயருக்கு நடுவில் இருப்பதும் இதே சொல்தான்.

டிசம்பர் 8, வெள்ளி

குவைத்தில் எங்கள் அலுவலகத்தில் எகிப்தின் அஸ்யூத் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். காப்டிக் கிறிஸ்தவர், கணக்குப் பிரிவு. இங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் பூசையும் வெள்ளிதான். நான் இந்த மொழியைப் பற்றி நச்சரித்துக்கொண்டே இருந்ததால், ‘வா, வந்து காதால் கேள்’ என்று கூட்டிப்போனார்.

போன இடத்தில் மூன்று மொழி. ‘கீரியே எலெய்சோன்’ போன்ற மறுமொழிகள் கிரேக்கம். பாட்டும் மன்றாட்டும் காப்டிக். வாசகம், பிரசங்கம், நடுநடுவே ஜெபம் எல்லாம் அரபி. சிறிய கைத்தாளமும் உலோக முக்கோணமும் தட்டுகிறார்கள். பாட்டு என்றால் நம் காதுக்குப் பழகிய பாட்டு இல்லை. ஓர் உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் இழுத்து வளைத்து ஏற்றி இறக்குகிறார்கள். என்ன சொல் என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

என்னை இழுத்தது அங்கே மாட்டியிருந்த திரை. ஒரு பத்தியில் காப்டிக், பக்கத்தில் அரபி மொழிபெயர்ப்பு. மூன்றாவதாக இன்னொரு பத்தி, அதே காப்டிக் வரி அரபி எழுத்தில். வெள்ளை அங்கி போட்ட பையன்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது பத்தியைத்தான் பார்த்துப் பாடினார்கள். அஸ்யூத்காரரிடம் கேட்டால், ‘என் எழுத்து எனக்குத் தெரியும், கொஞ்சம் மெதுவாக வரும்’ என்றார். அரபியை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகும் இதை விடாமல் வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு எனக்கு மலைப்பாக இருந்தது.

டிசம்பர் 9

மலைப்பு ஒருபுறம் இருக்கட்டும். நேற்று நான் கேட்ட ஒலி பார்வோன் காலத்து ஒலி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று பெரும்பாலான சர்ச்சுகளில் கேட்கும் உச்சரிப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. காப்டிக் சபையின் தலைவரான நான்காம் கிரிலோஸ் பாப்பரசர் காலத்தில் எர்யான் முஃப்தா என்ற ஆசிரியர் அன்றைய கிரேக்கர்கள் தங்கள் எழுத்தை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே காப்டிக்கையும் சொல்லவேண்டும் என்று மாற்றினார். எழுத்து ஒன்றுதானே என்பது வாதம். அதனால் எகிப்தியர் வாயில் வராத ‘வி’ ஒலியும் பல்லிடுக்கு ‘த’வும் உள்ளே வந்தன. 20ஆம் நூற்றாண்டில் எமில் மாஹிர் இஸ்ஹாக் இதை எதிர்த்து, பூசையில் வழங்கும் போஹைரிக் கிளைமொழியின் பழைய உச்சரிப்பை மீட்க ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வேடே எழுதினார். சில இடங்களில் அதைப் பின்பற்றுகிறார்கள். அஸ்யூத்காரரிடம் இதைச் சொன்னேன். ‘தெரியும், இதை வைத்து எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி’ என்று சிரித்தார்.

டிசம்பர் 14

‘ஷாம்போலியோன்தான் படவெழுத்தைப் படித்தார், காப்டிக்கிற்கு அதில் என்ன பங்கு’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதுதான் என் கட்சியின் மையம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

1822 செப்டம்பர். எகிப்தின் அபு சிம்பெல் கோயிலிலிருந்து வரைந்துவந்த ஒரு பெயர்ச்சட்டம், அதாவது அரசன் பெயரைச் சுற்றி வரையும் வளையம், பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் கையில் இருக்கிறது. முதலில் ஒரு வட்டம், சூரியன். நடுவில் ஒரு குறி. கடைசியில் அவருக்குத் தெரிந்த ‘ஸ’ இரண்டு. சூரியனுக்குக் காப்டிக்கில் ‘ரே’. நடுவில் உள்ள குறி, ஒரே செய்தியைப் படவெழுத்து, டெமோட்டிக், கிரேக்கம் மூன்றிலும் சொல்லும் ரோசெட்டா கல்லிலும் இருக்கிறது, கிரேக்கப் பகுதியில் பிறந்தநாள் என்று வரும் இடத்தில். பெற்றெடு என்பதற்குக் காப்டிக்கில் ‘மிசே’. சேர்த்து வாசித்தால் ராமசேஸ். கிரேக்க அரசர்களின் பெயர்களை மட்டும் வைத்து எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்த வேலை அந்த இடத்தில் மொழியாக மாறியது. இதே முயற்சியில் இருந்த ஆங்கிலேயர் தாமஸ் யங் கெட்டிக்காரர், சில குறிகளைச் சரியாகவே பிடித்தார். ஆனால் ஷாம்போலியோனிடம் இருந்த காப்டிக் அவரிடம் இல்லை. இளவயதிலேயே பாரிசில் யூஹன்னா ஷிஃப்திஷி என்ற எகிப்தியப் பாதிரியாரிடம் போய்ப் படித்த காப்டிக் அது. தனக்குத்தானே காப்டிக்கில் பேசிக்கொள்வதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு ஊறியிருந்தார்.

சரி, ஐரோப்பாவில் இருந்த ஷாம்போலியோனுக்குக் காப்டிக் சொற்கள் எங்கிருந்து கிடைத்தன? பாதிரியார் ஒருவரால் முடிகிற காரியம் இல்லை இது. எகிப்தில் 706இல் அரசாங்கப் பதிவுகள் அரபிக்கு மாறின. வேலை வேண்டுமானால் அரபி வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் இரண்டாம் கப்ரியேல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மக்களுக்குப் புரியும் அரபியில் சொல்லிக்கொடுங்கள் என்று ஆயர்களுக்குக் கட்டளையிடவேண்டி வந்தது. 13ஆம் நூற்றாண்டில் படித்த காப்டிக் கிறிஸ்தவர்களுக்கே தங்கள் மொழி கைநழுவுகிறது என்று தெரிந்துவிட்டது. அப்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உட்கார்ந்து சொற்பட்டியல் எழுதினார்கள். ஒரு பக்கம் காப்டிக், ஒரு பக்கம் அரபி. ‘சுல்லம்’ என்று பெயர், ஏணி. சமன்னூத் ஊரின் யூஹன்னா வேதப் புத்தகங்களின் வரிசையிலேயே சொற்களைக் கோத்தார். அபு இஸ்ஹாக் இப்னுல் அஸ்ஸால் கடைசி எழுத்தை வைத்து அடுக்கினார், அரபி அகராதிக்காரர்களின் பாணி. பழைய கெய்ரோவின் தொங்கு தேவாலயத்தில் குருவாக இருந்து 1324இல் இறந்த இப்னு கபர் பொருள்வாரியாகத் தொகுத்தார். கடவுள், வானம், விலங்கு, செடி என்று நம் நிகண்டு போகிற மாதிரியே போகும்.

1615இல் எகிப்துக்கு வந்த பியத்ரோ தெல்லா வால்லே என்ற இத்தாலியப் பயணி இந்த வகைச் சுவடிகளை ரோமுக்குக் கொண்டுபோனார். அங்கே அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைக்காரர் இவற்றை வைத்து 1643இல் இப்னு கபரின் பட்டியலை லத்தீனில் அச்சேற்றினார். கிர்ஷர் படவெழுத்துக்கு எழுதிய விளக்கங்கள் அத்தனையும் கட்டுக்கதை, வாசித்தால் சிரிப்பு வரும். ஆனால் காப்டிக்தான் பழைய எகிப்தியம் என்று அவர் சொன்னது சரி. அந்தப் புத்தகம் இல்லாமல் ஐரோப்பாவில் காப்டிக் படிப்பு தொடங்கியிருக்காது.

ஆகவே சர்ச்சில் நாலு பாட்டு மட்டும் என்று சொல்லாதீர்கள். மொழி போகிறது என்று தெரிந்த சிலர் எழுதிவைத்த பட்டியல் ஐந்நூறு ஆண்டு கழித்து, அவர்கள் கனவிலும் நினைக்காத மூவாயிரம் ஆண்டுப் பழைய கல்லைத் திறந்தது.

டிசம்பர் 14, பின்குறிப்பு

காப்டிக்கைக் கைவிட்டு அரபிக்குப் போகிறார்களே என்று அழுது புலம்பும் ஒரு பழைய நூல் இருக்கிறது, கலமூன் மடத்துச் சாமுவேல் பெயரில். அது நமக்கு அரபியில் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 20

பக்கத்து நாட்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில், மெரோவே என்ற பழைய அரசின் மொழி மெரோயிட்டிக். அதன் இருபத்துமூன்று குறிகளின் ஒலியையும் கிரிஃபித் என்ற ஆங்கிலேய அறிஞர் 1911வாக்கில் கண்டுபிடித்துவிட்டார். இன்றும் சத்தம்போட்டு வாசிக்கலாம். ஊர்ப்பெயர், தெய்வப்பெயர், அரசன் பெயர், கொஞ்சம் சொற்கள், அவ்வளவுதான் புரிகிறது. மீதி இருட்டு. ஏனென்றால் யாரும் ஏணி எழுதிவைக்கவில்லை.

ரோமுக்கு முந்தைய இத்தாலியின் எட்ருஸ்கன் மொழியும் அப்படியே. எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது, வாசிப்பதில் சிக்கல் இல்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்கரைப் பற்றி 20 பாகம் எழுதினார், ஒரு வரி மிஞ்சவில்லை. கிடைத்த எட்ருஸ்கன் பிரதிகளில் மிக நீளமானது எங்கே இருந்தது தெரியுமா? எகிப்தில், ஒரு மம்மியைச் சுற்றிய துணியில். லினன் துணியில் எழுதிய புத்தகத்தைக் கிழித்துக் கட்டாகச் சுற்றியிருக்கிறார்கள். இன்று அது ஸாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தின் மணல் அடுத்தவன் மொழியைக்கூடக் காப்பாற்றிக் கொடுத்தது, பொருள் சொல்லத்தான் ஆள் இல்லை.

பழைய மெசப்பொத்தேமியாவின் சுமேரியம் எதிர்ப்பக்கம். அதற்கும் பிள்ளை இல்லை, உறவே இல்லை. கி.மு. 2000 தாண்டிக் கொஞ்ச காலத்தில் வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் பாபிலோனியப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் அதற்குப் பிறகும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் சுமேரிய–அக்காடியச் சொற்பட்டியலைக் களிமண்ணில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தார்கள். மரப் பொருட்களின் பெயர், மீன் பெயர், பாத்திரப் பெயர் என்று பலகை பலகையாகக் கிடைக்கிறது. அதனால்தான் இன்று சுமேரியம் படிக்க முடிகிறது.

டிசம்பர் 27

‘எபிரேயம் எழுந்தது, காப்டிக் ஏன் எழவில்லை, மனசு இல்லையா’ என்ற கேள்விக்கு.

மனசு இருந்தது. கிளாடியஸ் லபீப் என்பவர் வீட்டில் பிள்ளைகளோடு காப்டிக்கிலேயே பேசிப் பார்த்தார், காப்டிக்–அரபி அகராதி தொகுக்கத் தொடங்கினார், 1918இல் இறந்தார். எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்க முனைந்த பென் யெஹூதா எருசலேமில் தன் மகனை எபிரேயம் மட்டும் கேட்டு வளர்த்தாரே, கிட்டத்தட்ட அதே காலம். வித்தியாசம் தெருவில் இருந்தது. பாலஸ்தீனத்துக்குக் குடிவந்த யூதர்கள் ரஷ்யா, ஏமன், மொராக்கோ என்று பல திசை, வீட்டுக்கு வீடு வேறு மொழி. ஒருவரோடொருவர் பேச ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. எகிப்தில் அந்தத் தேவையே இல்லை. காப்டிக் கிறிஸ்தவர் பக்கத்து வீட்டுக்காரரோடும், பாதிரியாரோடும், தாயோடும் அரபிதான். தேவை இல்லாத இடத்தில் பற்று மட்டும் மொழியைத் தெருவுக்குக் கொண்டுவராது என்று நான் நினைக்கிறேன்.

ஜனவரி 5, 2024

‘எகிப்தில் தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறதே, காப்டிக்கில் தமிழ்ச் சொல் இருக்கும்தானே’ என்று ஒரு நண்பர் ஆர்வமாகக் கேட்டிருக்கிறார். கிடைத்தது உண்மை. செங்கடல் கரையில் குசைர் அல் கதீமில் ‘பானை உறி’ என்று தமிழி எழுத்தில் கீறிய ஓடு கிடைத்தது, ஐராவதம் மகாதேவன் வாசித்தார். பெரனிகே துறைமுகத்திலும் ஓர் ஓடு, அதில் ‘கொறபூமான்’ என்று ஒரு பெயர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மிளகு வியாபாரம் நடந்த இடங்கள். ஆனால் அது காப்டிக் எழுத்து பிறப்பதற்கு முந்தைய காலம். துறைமுகத்தில் நம்மவர்கள் தங்கள் சட்டிபானையில் பெயர் எழுதினார்கள், அவ்வளவுதான். அதை வைத்துச் சொல்லுறவு கட்டவேண்டாம், கையோடு இருக்கும் உண்மையே போதுமான அளவு நன்றாக இருக்கிறது.

அதே மூச்சில் இன்னொருவர் பரங்கிமலைச் சிலுவையில் இருப்பது சிரியாக், அதாவது கிழக்குக் கிறிஸ்தவர்களின் பழைய அரமேயக் கிளைமொழி என்று எழுதியிருந்தார். அது பஹ்லவி, பழைய பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது. சிரியாக்கின் உண்மையான தடம் கேரளத்தில் இருக்கிறது. அங்கே 1960களின் தொடக்கம்வரை சிரோ மலபார் பூசை சிரியாக்கில்தான் நடந்தது, வயதானவர்களுக்கு இன்றும் பாட்டு நினைவில் இருக்கும்.

ஜனவரி 19

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எப்படியோ குளிருக்குப் போயிற்று. குவைத்திலும் இப்போது நல்ல குளிர். அஸ்யூத்காரர், ‘இது தூபா, குமரியையும் கிழவியாக்கும்’ என்றார். பக்கத்தில் இருந்த எகிப்து முஸ்லிம், டெல்டாப் பக்கத்து விவசாயக் குடும்பம், உடனே அடுத்த மாதத்துக்கான சொலவடையை எடுத்துவிட்டார், ‘அம்ஷீர், புயலுக்கு அப்பன்’. அப்புறம் இருவரும் சேர்ந்து, ‘பரம்ஹாத், வயலுக்குப் போய் அள்ளிட்டு வா’.

இவை காப்டிக் மாதங்கள். தூபா ஜனவரியில் தொடங்கும், அம்ஷீர் பிப்ரவரியில், பரம்ஹாத் மார்ச்சில். ஆண்டின் முதல் மாதம் தூத், அது தோத் என்ற பழைய தெய்வத்தின் பெயர். மூன்றாவது ஹாத்தூர், பசுத்தலைத் தெய்வம் ஹத்தோர். விதைப்பு, பாய்ச்சல், அறுப்பு எல்லாம் இந்த மாதங்களை வைத்துத்தான். இஸ்லாமிய மாதம் நிலாவோடு நகர்ந்துகொண்டே இருப்பதால் உழவனுக்கு உதவாது, அதனால் இது ஒட்டிக்கொண்டது. பூசையில் மட்டும்தான் காப்டிக் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் டெல்டா வயல்வெளிக்கு ஒருமுறை போகலாம்.

ஊர்ப்பெயரும் அப்படியே. அஸ்வான், அஸ்யூத், அக்மீம், ஃபயூம் எல்லாம் காப்டிக் வழியாக வந்த பழைய பெயர்கள்தான். செங்கலுக்குக் காப்டிக்கில் ‘தோபே’. அது அரபியில் ‘தூப்’ ஆகி, ஸ்பெயினுக்குப் போய் ‘அடோபே’ ஆகி, மெக்சிகோ மண்வீடுவரை போயிருக்கிறது. இப்படிச் சில அருமையான சொற்கள் இருந்தாலும், எகிப்திய அரபியில் காப்டிக் கடன்சொல் மொத்தத்தில் குறைவுதான். எகிப்தியர்கள் ‘எங்கே’, ‘என்ன’ என்பதை வாக்கியக் கடைசியில் வைத்துப் பேசுவது காப்டிக் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். எனக்கு அது நம்பும்படியாகவே படுகிறது, ஆனாலும் பந்தயம் கட்டமாட்டேன்.

பிப்ரவரி 2

‘நாக் ஹம்மாடியை மறந்துவிட்டீர்களே.’ மறக்கவில்லை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி ஊர்ப் பக்கம் ஜாடிக்குள் கிடைத்த தோல் அட்டைச் சுவடிகள், பதின்மூன்று. தோமா நற்செய்தி முழுதாகக் காப்டிக்கில் மட்டும்தான் இருக்கிறது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஒரு துண்டும் அதில் உண்டு, மூலம் அடையாளமே தெரியாத அளவுக்கு மோசமான மொழிபெயர்ப்பு. இந்த வகையில் காப்டிக்கிற்குக் கீயஸ் மொழி ஜோடி. ஏனோக்கு புத்தகம் முழுதாக எத்தியோப்பியாவின் கீயஸில்தான் பிழைத்தது.

ஆனால் எல்லோரும் இதைப் பற்றியே பேசுவது எனக்குச் சலிப்பு. அதெல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்த இரவல் சரக்கு. காப்டிக்கிலேயே யோசித்து, காப்டிக்கிலேயே திட்டி, காப்டிக்கிலேயே கோபப்பட்டு எழுதியவர் ஷெனூத்தே, சோஹாக் பக்கத்து வெள்ளை மடத்தின் தலைவர். வாக்கியம் நீண்டு முறுகிக்கொண்டு போகும், நடுவில் யாரையாவது ஓங்கிப் போடுவார். அவர் நூல்கள் இருந்த மடத்துச் சுவடிகளை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏடு ஏடாகப் பிரித்து விற்றார்கள். ஒரே புத்தகத்தின் ஏடுகள் பாரிஸ், நேப்பிள்ஸ், வியன்னா, லண்டன் என்று கிடக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

பட்டியலையே தூக்கிப்பிடிக்கிறேன், பாட்டுக்காரர்களை விட்டுவிட்டேன் என்று அஸ்யூத்காரருக்கு வருத்தம். நியாயம்தான். காப்டிக் பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பார்வையற்ற பாடகர்கள். முஅல்லிம் மீகாயீல் அல் பத்தனூனி அவர்களில் பெரியவர். காப்டிக் இசையைப் பதிவுசெய்ய முனைந்த ராகிப் முஃப்தா 1920களின் இறுதியில் எர்னஸ்ட் நியூலேண்ட்ஸ்மித் என்ற ஆங்கிலேய இசைக்காரரை வரவழைத்து, நைல் நதியில் ஒரு படகுவீட்டில் பத்தனூனியைப் பாடவைத்து எழுதச் சொன்னார். குளிர்கால வேலையாக ஆண்டுக்கணக்கில் நடந்து 16 பாகம் வந்தது. அதுவும் ஒருவகை ஏணிதான். சொல்லுக்குப் பட்டியல் போல இசைக்கும் ஒன்று.

அதோடு, பட்டியல் சொல்லைக் காப்பாற்றும், வாயைக் காப்பாற்றாது. டிசம்பர் 14இல் எழுதியதைப் படிக்கும்போது அது எனக்கே கொஞ்சம் ஒருதலையாகத் தெரிகிறது. இரண்டும் வேண்டியிருக்கிறது. மெரோயிட்டிக்குக்கு இரண்டும் இல்லை.

மார்ச் 3

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. எந்தக் கிளைமொழி என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பூசைக்காக என்றால் போஹைரிக். பழைய இலக்கியம், ஷெனூத்தே, தோமா என்றால் சாஹிதிக், இலக்கணப் புத்தகங்களும் அதற்குத்தான் அதிகம். அகராதிக்கு 1939இல் வந்த, கிரம் என்ற ஆங்கிலேய அறிஞரின் அகராதியை இன்றுவரை எதுவும் அசைக்கவில்லை. கணினியில் காப்டிக் எழுத்துக்கு 2005வரை ஒருங்குறியில் (யூனிகோடு) தனி இடம் இல்லை, கிரேக்கத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். டெமோட்டிக்கிலிருந்து வந்த ஏழெழுத்து மட்டும் இன்னும் கிரேக்கப் பகுதியிலேயே குடியிருக்கிறது. அதற்கு முந்தைய கோப்புகளைத் திறந்தால் பழைய பாமினிக் கோப்பைத் திறந்ததுபோல் ஆங்கில எழுத்துக் குப்பை வரும், பயப்படாதீர்கள், எழுத்துருவைத் தேடிப் போட்டால் சரியாகும். அரபி எழுத்தில் எழுதிய காப்டிக்கை மட்டும் வைத்துப் படிக்கத் தொடங்காதீர்கள். அப்புறம் எழுத்துக்கு வரும்போது இரட்டை வேலை.